ஸ்டாக், ஏமஸ் அலான்சோ

ஏமஸ் அலான்சோ ஸ்டாக் (16 ஆகஸ்ட் 1862 – 17 மார்ச் 1965) அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் உதைத்தும் பதினொருவர் அணிகள் மோதும் இந்த ஆட்டத்தில் 1890 முதல் 1960 வரை, எழுபது ஆண்டுகள், ஏதோ ஒரு கல்லூரி மைதானத்தில் பணியாற்றினார். அதில் 41 பருவங்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கழிந்தன. அவர் தொழிலுக்கு வந்தபோது கல்லூரி அணிகளை மாணவத் தலைவர்களும் பழைய மாணவர்களுமே நடத்திவந்தனர். பருவம் முடிந்ததும் கலைந்துபோகும் ஏற்பாடு அது. அதைப் பதவியும் சம்பளமும் ஓய்வு வயதும் கொண்ட முழுநேர உத்தியோகமாக்கிய முதல் தலைமுறையில் ஸ்டாக் முன்வரிசையில் நிற்பவர். பின்னாளில் அந்த ஓய்வு வயதுதான் அவரைச் சிகாகோவிலிருந்து வெளியேற்றியது.

இளமையும் யேல் கல்லூரியும்

நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சு ஊரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி, வறிய குடும்பம். ஃபிலிப்ஸ் எக்ஸிட்டர் பள்ளியில் படிப்பை முடித்து, கிறித்தவ ஊழியராகும் எண்ணத்துடன் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே முதல் ஆண்டில் கணப்பு இல்லாத பரண் அறையில் தங்கி, பிஸ்கட்டையும் பழைய ரொட்டியையும் தின்று நாளைக் கடத்தியதில் உடல்நிலை கெட்டது என்பது அவரே பிற்காலத்தில் சொன்ன செய்தி.

யேலில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது முதலில் பேஸ்பால். பந்து எறிபவராகப் புகழ்பெற்ற அவரைத் தொழில்முறை அணிகள் பணம் காட்டி அழைத்தன, மறுத்துவிட்டார். மறுப்புக்குச் சமயப் பற்று, அன்றைய தொழில்முறை பேஸ்பால் திடல்களில் மது விற்பனை நடந்தது என இரு காரணங்கள் சொல்லப்படுகின்றன. 1888இல் வால்டர் கேம்பின் பயிற்சியில் யேல் கால்பந்து அணி 13 ஆட்டங்களில் 698 புள்ளிகள் எடுத்து, எதிரிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் பருவத்தை முடித்தது. அந்த அணியின் வலது ஓரத்தில் ஆடியவர் ஸ்டாக். 1889இல் முதன்முதலாகத் தொகுக்கப்பட்ட அனைத்து அமெரிக்க அணிப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது.

பட்டம் பெற்றபின் சமயக் கல்வியைத் தொடர்ந்தவர் 1890இல் அதை விட்டார். மேடையில் பேச்சு வராததே காரணம் என்பது பெரும்பாலோர் தரும் விளக்கம்.

ஸ்பிரிங்ஃபீல்ட், 1890–1891

மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் சேர்ந்தார். அவர் அணியின் நடுவில் ஆடியவர் ஜேம்ஸ் நைஸ்மித். தன்னை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நைஸ்மித் கேட்டதாகவும், ஆகாத வேலையைக்கூடக் கண்ணியமாகச் செய்யத் தெரிந்தவர் நீர்தான் என்று ஸ்டாக் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. 1891 டிசம்பரில் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். 1892 மார்ச்சில் பொதுமக்கள் முன் நடந்த முதல் ஆட்டத்தில் மாணவர்கள் ஆசிரியர்களை 5–1 என்று வென்றனர். ஆசிரியர் அணியின் அந்த ஒற்றைப் புள்ளி ஸ்டாக் போட்டது.

இந்தப் பள்ளியின் கிளைவேர் சென்னை வரை நீண்டது. 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். நந்தனத்தில் இன்று இயங்கும் கல்லூரி அதன் தொடர்ச்சியே.

சிகாகோ, 1892–1932

*பதவி.* யேலில் ஸ்டாக்குக்கு விவிலியம் கற்பித்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், ராக்ஃபெல்லரின் நன்கொடையில் எழுந்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார். புதிய நிறுவனத்தை நாடு அறிய வேண்டும், விளையாட்டு அதற்கு ஒரு வழி என்பது ஹார்ப்பரின் கணக்கு. ஸ்டாக்கை அழைத்து 1,500 டாலர் சொன்னதாகவும், தயங்கியதும் 2,000 என்றதாகவும், கடைசியில் 2,500 டாலரும் இணைப் பேராசிரியர் பதவியும் தந்ததாகவும் வழங்குகிறது. பேரத்தின் விவரம் எப்படியிருந்தாலும் முடிவில் ஐயமில்லை: உடற்பண்பாடு, விளையாட்டுத் துறையின் இயக்குநராக, நிரந்தரப் பேராசிரியர் தகுதியோடு ஸ்டாக் அமர்ந்தார். கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் இப்படி அமர்வது இதுவே முதல் முறை என்பர்.

*தொடக்கம்.* 1892 அக்டோபர் 1 அன்று வகுப்புகள் தொடங்கின. ஆட்டக்காரர்கள் போதவில்லை, பயிற்சியாளரே களத்தில் இறங்கி ஆடினார். முதல் வார எதிரிகள் அக்கம்பக்கத்து உயர்நிலைப் பள்ளி அணிகள். இரண்டே ஆண்டுகளில், 1894 கிறிஸ்துமஸ் விடுமுறையில், அணியை ரயிலில் ஏற்றிக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். கிறிஸ்துமஸ் நாளன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டை 24–4 என்று சிகாகோ வென்றது. ஸ்டான்ஃபோர்டின் பயிற்சியாளர் ஸ்டாக்கின் பழைய ஆசான் வால்டர் கேம்ப்.

அதே 1894இல் பல்கலைக்கழக மாணவி ஸ்டெல்லா ராபர்ட்சனை மணந்தார். ஸ்டெல்லா ஆட்டத்தைப் பார்வையாளர் வரிசையிலிருந்து தாளில் வரைபடமாகக் குறிப்பவர்; எதிரணிகளின் ஆட்டத்தைக் கவனித்துக் கணவருக்குச் சொல்பவர். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத உதவிப் பயிற்சியாளர் என்றே அவரைக் குறிப்பிடலாம். கணவர் தொண்ணூறை நெருங்கிய காலத்திலும் அவர் இந்த வேலையைச் செய்துவந்தார்.

*மைதானமும் கூட்டமைப்பும்.* வணிகர் மார்ஷல் ஃபீல்ட் தந்த நிலத்தில் ஆடுகளம் அமைந்தது. முதலில் அவர் பெயரையே தாங்கிய அது 1910களில் ஸ்டாக் களம் என்று பெயர் மாறியது. 1896இல் சிகாகோ, இல்லினாய், மிச்சிகன், மினசோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டூ, விஸ்கான்சின் ஆகிய ஏழும் சேர்ந்து மேற்குக் கூட்டமைப்பை நிறுவின. பிற்காலப் பிக் டென் இதுவே. ஸ்டாக்கின் அணி 1899, 1905, 1907, 1908, 1913, 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் இக்கூட்டமைப்பில் முதலிடம் பெற்றது.

*1905.* சிகாகோ ஆண்டுகளில் மிக விரிவாகப் பதிவானது இந்தப் பருவம். நவம்பர் 30 அன்று, நன்றி நவிலல் நாளில், சிகாகோவும் மிச்சிகனும் மோதின. ஃபீல்டிங் யோஸ்ட்டின் மிச்சிகன் 1901 தொடங்கி 56 ஆட்டங்களில் தோற்றதில்லை. அவ்வாண்டில் அதுவரை 495 புள்ளிகள் எடுத்திருந்தது, ஒன்றுகூட விட்டுக்கொடுக்கவில்லை. கடுங்குளிரிலும் இருபத்தைந்தாயிரம் பேர் அளவில் திரண்டனர்.

இரு தரப்பும் முன்னேற முடியாமல் பந்தை மாறி மாறி உதைத்துக்கொண்டே ஆட்டம் பெரும்பகுதி ஓடியது. பிற்பாதியில் சிகாகோவின் குவார்ட்டர்பேக் வால்டர் எக்கர்சால் தொலைவாக உதைத்த பந்து மிச்சிகனின் கோட்டைத் தாண்டி அவர்கள் எல்லைப் பகுதிக்குள் விழுந்தது. அங்கேயே மண்டியிட்டு அமர்ந்திருந்தால் தீங்கு இல்லை. மிச்சிகனின் டெனிசன் கிளார்க் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார். சிகாகோவின் இருவர் அவரைப் பிடித்து, வந்த வழியே பின்னுக்குத் தள்ளி எல்லைப் பகுதிக்குள் வீழ்த்தினர். சொந்த எல்லைக்குள் பந்தோடு வீழ்பவரின் எதிரணிக்கு விதிப்படி இரண்டு புள்ளிகள். ஆட்டம் 2–0 என்று முடிந்தது. வேறு புள்ளியே விழவில்லை. கிளார்க் கோட்டைத் தாண்டி முன்னால் வந்துவிட்டாரா, அங்கேயே அவர் ஓட்டம் நின்றதாகக் கொண்டிருக்க வேண்டுமா என்பதை மிச்சிகன் தரப்பு நீண்டகாலம் வாதிட்டது.

புற்றுநோயால் படுக்கையில் இருந்த ஹார்ப்பர் தொலைபேசி வழியே ஆட்டத்தின் நிலவரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்றும், இடைவேளையில் அணிக்கு ஆள் அனுப்பி வெல்லச் சொன்னார் என்றும் எழுதுவோர் உண்டு. 1906 ஜனவரியில் அவர் காலமானார்.

வெற்றியின் மறுபக்கமும் 1905 நவம்பரிலேயே அச்சேறியது. கோலியர்ஸ் இதழில் எட்வர்ட் ஜோர்டன் எழுதிய தொடர் மத்திய மேற்குக் கல்லூரிகள் ஆட்டக்காரர்களைச் சேர்த்த விதத்தை அம்பலப்படுத்தியது; சிகாகோவும் எக்கர்சாலும் அதில் தப்பவில்லை. களத்தில் மூன்று முறை அனைத்து அமெரிக்க அணிக்குத் தேர்வான எக்கர்சால் கடைசிவரை பட்டம் வாங்கவில்லை. சேர்க்கையில் நடந்தவற்றில் ஸ்டாக்குக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. குடிக்காத, புகைக்காத, ஞாயிற்றுக்கிழமை தவறாத சமயவாதி என்ற அவர் உருவத்தோடு இந்தப் பக்கத்தைப் பொருத்திப் பார்ப்பதில் எழுதுவோர் பலரும் சற்றுத் தடுமாறுகின்றனர்.

*சீர்திருத்தம்.* 1905இல் களத்தில் நேர்ந்த மரணங்களும் காயங்களும் ஆட்டத்தையே தடைசெய்ய வேண்டும் என்ற குரலை எழுப்பின. 1906இல் விதிகள் திருத்தப்பட்டு, பந்தை முன்னோக்கி வீசுவதற்கு அனுமதி கிடைத்தது. ஸ்டாக் தேசிய விதிக் குழுவில் நெடுங்காலம் உறுப்பினர். மேற்குக் கூட்டமைப்பு தன் பங்குக்குப் பருவத்தை ஐந்து ஆட்டங்களாகச் சுருக்கியது. பயிற்சியாளர்கள் பல்கலைக்கழகத்தின் முறையான பணியாளர்களாக, மிதமான சம்பளத்தில் இருக்க வேண்டும் என்றது. மற்றவர்களுக்குக் கசந்த இந்த விதியால் ஸ்டாக்குக்கு எதுவும் மாறவில்லை. 1892 முதலே அவர் அப்படித்தான் இருந்தார். மிச்சிகன் சில ஆண்டுகளில் கூட்டமைப்பை விட்டே விலகி 1917இல்தான் திரும்பியது.

*பயிற்சிக் களத்தில்.* இடுப்பு நரம்பு வலி முற்றிய ஆண்டுகளில் நடக்க முடியாமல், சத்தமில்லாத மின்சாரக் காரில் அமர்ந்தபடி பயிற்சிக் களத்தைச் சுற்றிவந்தார். கெட்ட வார்த்தை அவர் வாயில் வராது. தவறு செய்பவனைக் ‘கழுதை’ என்பார். பெருந்தவறு என்றால் ‘இரட்டைக் கழுதை’. அதற்கும் மேலே ‘மும்மடங்குக் கழுதை’. ஒரு பயிற்சி வேளை முடிவதற்குள் களத்தில் மனிதர்களே மிஞ்சுவதில்லை என்பது பழைய ஆட்டக்காரர்களிடையே வழங்கிய கேலி. நாற்பதுகளிலேயே அவரைக் ‘கிழவர்’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டனர். பின்னர் அது ‘மிட்வேயின் மாண்புறு முதியவர்’ என்று பட்டமாக நீண்டது. மிட்வே என்பது பல்கலைக்கழகத்தை ஒட்டிய நீண்ட புல்வெளி.

கால்பந்தோடு அவர் பணி நிற்கவில்லை. பேஸ்பால் அணியையும் தடகள அணியையும் பயிற்றுவித்தார். 1900 பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தம் ஓட்டக்காரர்களை அழைத்துச் சென்றார். 1917 தொடங்கிச் சிகாகோவில் நடந்த உயர்நிலைப் பள்ளிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டியும் அவர் ஏற்பாடுதான்.

*உச்சமும் சரிவும்.* 1913இல் ஏழு ஆட்டங்களிலும் வெற்றி. 1905, 1913 இரு ஆண்டு அணிகளையும் பிற்காலக் கணிப்பாளர்கள் தேசிய முதல்வர்களாகக் குறித்தனர். 1922 அக்டோபர் 28 அன்று பிரின்ஸ்டன் 21–18 என்று சிகாகோவை வென்ற ஆட்டம் தொலைபேசிக் கம்பி வழியே நியூ யார்க் சென்று வானொலியில் ஒலித்தது. அவ்வளவு தொலைவு ஒலிபரப்பான முதல் கால்பந்து ஆட்டங்களில் ஒன்று இது. 1924இல் ரெட் கிரேஞ்ச் ஆடிய இல்லினாயுடன் 21–21 என்ற சமனும், அவ்வாண்டுப் பட்டமும் ஸ்டாக்கின் சிகாகோவுக்குக் கடைசிப் பெருமைகள்.

அதன்பின் அரசுப் பல்கலைக்கழகங்கள் மாணவர் தொகையிலும் அரங்கின் அளவிலும் வளர்ந்துகொண்டே போயின. சிகாகோவோ படிப்பை இறுக்கிக்கொண்டே வந்தது. 1929இல் முப்பது வயதில் தலைவரான ராபர்ட் ஹட்சின்ஸுக்குக் கால்பந்தில் ஈடுபாடு இல்லை. எழுபது வயதில் ஓய்வு என்ற விதி ஸ்டாக்குக்கும் பொருந்தும் என நிர்வாகம் நின்றது. வளாகத்திலேயே கௌரவப் பணி ஒன்று தர முன்வந்தது. பயிற்சி தராமல் இருக்க மாட்டேன் என்று அவர் ஏற்கவில்லை. 1932 பருவத்தோடு விலகினார்.

பசிபிக் கல்லூரி, 1933–1946

சிகாகோவை விட்ட ஸ்டாக் அடுத்துச் சேர்ந்தது கலிஃபோர்னியா மாநிலம் ஸ்டாக்டனில் இருந்த இந்தச் சிறிய மெதடிஸ்ட் கல்லூரியில். 1938 நவம்பரில் பசிபிக் அணியோடு சிகாகோவுக்கு வந்து, தம் பெயர் தாங்கிய களத்திலேயே பழைய பல்கலைக்கழகத்தை 32–0 என்று தோற்கடித்தார். மறு ஆண்டு மிச்சிகனிடம் 85–0 என்று தோற்ற சிகாகோ, 1939 டிசம்பரில் கால்பந்தையே கைவிட்டது. போர்க்காலத்தில் கடற்படைப் பயிற்சிக்கு வந்த மாணவர்களால் பசிபிக் அணி வலுப்பெற்று 1943இல் பெரிய பல்கலைக்கழகங்களை வென்றது. 81 வயதில் ஆண்டின் சிறந்த பயிற்சியாளராக ஸ்டாக்கைச் சக பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்தனர். மொத்தத்தில் இங்கே வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம்.

கடைசிப் பணிகள், 1947–1960

பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா பல்கலைக்கழகத்தில் மகன் ஏமஸ் அலான்சோ ஸ்டாக் இளையவருடன் 1952 வரை பணியாற்றினார். 1951இல் அவ்வணி தோல்வியின்றி முடித்தது. பிறகு ஸ்டாக்டன் இளநிலைக் கல்லூரியில் பந்து உதைப்போருக்குப் பயிற்சி தந்து, 98ஆம் வயதில் ஓய்வுபெற்றார். ஸ்டெல்லா 1964இல் மறைந்தார். அடுத்த ஆண்டு ஸ்டாக்டனில் 102 வயதில் ஸ்டாக் காலமானார்.

உத்திகளும் உரிமைப் பூசலும்

இன்று ஆட்டத்தின் அடிப்படையாகக் கருதப்படும் பலவற்றை ஸ்டாக்கின் கணக்கில் எழுதுவது வழக்கம்: ஆட்டம் தொடங்கும் முன் ஒருவர் பக்கவாட்டில் நகர்வது, திசை மாற்றி ஓடுவது, சட்டைகளில் எண், பேஸ்பால் பயிற்சிக்கான வலைக் கூண்டு. மெத்தையைச் சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டு, ஆளைப் பாய்ந்து பிடிக்கப் பழகும் பொம்மையாக்கியது யேல் நாள்களில் என்பர். கால்பந்து முழுவதும் ஸ்டாக்கிடமிருந்து வந்தது என்று நோத்ரதாம் பயிற்சியாளர் நூட் ராக்னி சொன்னதாக அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. இது மரியாதைப் பேச்சாகவும் இருக்கலாம்.

களத்தில் வட்டமாகக் கூடி அடுத்த நகர்வைப் பேசிக்கொள்ளும் ஹடில் முறையை 1890களிலேயே ஸ்டாக் பயன்படுத்தினார் என்போர் உண்டு. செவித்திறன் குறைந்தோருக்கான காலடெட் கல்லூரியின் பால் ஹப்பார்டே அதற்கு முன்னோடி என்பது மற்றொரு தரப்பு. அவர்கள் சைகை மொழியில் பேசுவதை எதிரணி பார்த்துவிடாமல் இருக்க வட்டமாக நின்றனர் என்பது அதற்குச் சொல்லும் காரணம். இல்லினாயின் ராபர்ட் ஜுப்கியை முன்னிறுத்துவோரும் இருக்கின்றனர்.

முன்னோக்கி வீசும் பாஸ் இன்னும் சிக்கலானது. 1906 செப்டம்பரில் விதிப்படியான முதல் பாஸை வீசியது செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணி. பயிற்சியாளர் எடி கோச்செம்ஸ். அந்தப் பெருமையை ஒருவருக்கு மட்டும் தருவதை ஸ்டாக் ஏற்கவில்லை. விதி மாறிய அந்த ஆண்டில் எல்லாப் பயிற்சியாளர்களும் அதில்தான் மூழ்கியிருந்தனர் என்றும், தாம் அப்போதே பல வகைப் பாஸ்களை வகுத்துவிட்டதாகவும் அவர் சொல்லிவந்தார். உத்திகள் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி 1927இல் வெஸ்லி ஸ்டவுட்டுடன் சேர்ந்து அவர் எழுதிய தன்வரலாற்றை ஆதாரமாகக் கொண்டது. அதையும் சேர்த்துத்தான் இந்த உரிமைகளை எடைபோட வேண்டும்.

வெற்றிக் கணக்கு

வழக்கமாகத் தரப்படும் எண்ணிக்கை 314 வெற்றி, 199 தோல்வி, 35 சமன். இதில் ஸ்பிரிங்ஃபீல்டின் 10, சிகாகோவின் 244, பசிபிக்கின் 60 வெற்றிகள் அடங்கும். சஸ்குவஹானா சேரவில்லை, அங்கே தலைமைப் பயிற்சியாளர் மகனா, இருவருமா என்பதில் நூல்கள் மாறுபடுகின்றன. தொடக்க ஆண்டுகளின் சில ஆட்டங்களை முறையான ஆட்டமாகக் கொள்வதா என்ற கேள்வியால் சிகாகோ எண்ணிக்கையும் நூலுக்கு நூல் சற்று வேறுபடும். சமகாலத்தவரான பாப் வார்னருக்கு 313 என்று முன்பு எழுதினர், பின்னர் 319 என்றனர். ஆகவே இருவரில் முந்தியவர் யார் என்பது கணக்கெடுப்பவரைப் பொறுத்தது. 1981 நவம்பர் 28 அன்று அலபாமாவின் பேர் பிரையன்ட் ஆபர்னை வென்று 315ஐ எட்டியபோது, பத்திரிகைகள் கடந்ததாகக் குறித்த எண் ஸ்டாக்குடையது.

நினைவுகள்

கால்பந்து நின்றபின் ஸ்டாக் களத்தின் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில் இருந்த ஸ்குவாஷ் கூடத்தில், 1942 டிசம்பர் 2 அன்று, என்ரிக்கோ ஃபெர்மியின் குழு மனிதர் உருவாக்கிய முதல் தொடர் அணுப்பிளவு வினையை நிகழ்த்தியது. மேடைகள் 1957இல் இடிக்கப்பட்டன. அவ்விடத்தில் பிறகு ரீகன்ஸ்டைன் நூலகம் எழுந்தது. ஸ்டாக் 1951இல் கல்லூரிக் கால்பந்துப் புகழவையிலும், 1959இல் கூடைப்பந்துப் புகழவையிலும் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றார்.

சிகாகோ 1946இல் பிக் டென்னிலிருந்து முறைப்படி விலகியது; 1969இல் கால்பந்தை மீண்டும் தொடங்கி, விளையாட்டு உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. அப்பிரிவின் இறுதி ஆட்டத்துக்கு ஸ்டாக் கிண்ணம் என்று பெயர். பிக் டென் 2011இல் ஏற்படுத்திய வெற்றிக் கோப்பை முதலில் ஸ்டாக், மற்றொரு பயிற்சியாளரான ஜோ பட்டர்னோ இருவர் பெயரையும் தாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் பட்டர்னோவின் பெயர் நீக்கப்பட்டு ஸ்டாக் பெயர் மட்டும் நின்றது. பயிற்சியாளர்கள் பல்கலைக்கழகத் தலைவர்களைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்கும் கூட்டமைப்பும், ஆட்டத்துக்காக மாணவருக்கு ஒரு டாலரும் தராத பிரிவும் இன்று ஒரே பெயருள்ள தனித்தனிப் பரிசுகளுக்காக ஆடுகின்றன.